கடற்கரைக்குத் தேவை சுவரா, திண்ணையா?

தமிழ்நாட்டில் ஏரிகளை வெட்டிய முன்னோர், கரையை நீர் தேக்கும் மண்மேடாக மட்டும் எண்ணவில்லை. கரையின்மேல் வண்டிப்பாதை சென்றது. சரிவில் நின்ற பனைகள் மண்ணைப் பிடித்துக்கொண்டன. மதகருகே ஐயனாரோ பிடாரியோ குடியிருந்தனர். மாலை வேளையில் ஊரார் அங்கே அமர்ந்து பேசினர். கரையில் ஒரு நண்டு வளையோ விரிசலோ தென்பட்டால் அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். குடிமராமத்து என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்ததற்கு, கரை ஊராரின் அன்றாடப் புழக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

கடலோரத்தில் நாம் இன்று எழுப்பும் கரைகளுக்கு இந்தப் பேறு கிடைக்கவில்லை. லாரிகளில் கருங்கல் வருகிறது. கரையை ஒட்டிக் குவிக்கப்படுகிறது. ஒப்பந்தப் பணி முடிந்ததாகக் கோப்பில் எழுதப்படுகிறது. அதன் பிறகு அந்தக் கற்குவியல்மீது எவரும் நடக்க முடியாது. படகை இழுத்து ஏற்ற முடியாது. வலை காய வைக்க முடியாது. இடுக்குகளில் குப்பை சேர்கிறது. அடுத்த புயலில் கற்கள் சரிந்தால், மீண்டும் லாரிகள் வருகின்றன.

இந்தியக் கடற்கரையின் நிலை கவலை தருவதாகவே இருக்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்து, நாட்டின் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் இது சுமார் 43 விழுக்காடு. புதுச்சேரியில் பாதிக்கும் மேல். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்றும், அந்த உயர்வின் வேகம் கூடிவருகிறது என்றும் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு கூறுகிறது. எனவே கடலோரத்தில் தடுப்புகள் எழத்தான் போகின்றன. அவை எத்தகையவை, யாருக்கானவை என்பதே நம்முன் உள்ள கேள்வி.

வெள்ளத்தைத் தடுக்கும் அமைப்பே பூங்காவாகவும் நடைமேடையாகவும் மக்கள் கூடும் வெளியாகவும் இருக்கட்டும் என்ற சிந்தனை கடந்த இருபது ஆண்டுகளில் உலகின் பல நகரங்களில் வலுப்பெற்றிருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால், அழகுக்காக அன்று. தெருவெள்ளம் வீட்டுக்குள் வராமல் தடுத்த திண்ணை, வழிப்போக்கருக்கு இருக்கையாகவும் இருந்ததே, அந்தப் பொருளில் ஆதரிக்கிறேன். புழங்கும் அமைப்பே பராமரிக்கப்படும். அதேவேளையில், அந்தத் திண்ணையில் யாருக்கு இடம் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே தீர்க்காவிட்டால், ‘பொதுவெளி’ என்ற பெயரிலேயே கரைவாழ் மக்கள் கரையிலிருந்து அகற்றப்படுவார்கள். உலக அனுபவமும் நம் அனுபவமும் இந்த இரண்டையும் காட்டுகின்றன.

நியூயார்க்கில் நடந்தது

2012 அக்டோபர் 29 அன்று ‘சாண்டி’ புயல் நியூயார்க்கைத் தாக்கியது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் நீர்மட்டம் 14 அடிக்கு உயர்ந்தது. கிழக்கு ஆற்றங்கரையில் இருந்த மின்நிலையத்தில் வெடிப்பு ஏற்பட்டு, தீவின் தென்பகுதி இருளில் மூழ்கியது. கீழ்க்கிழக்குப் பகுதியில், அரசுக் குடியிருப்புகளின் உயரமான கட்டடங்களில் வாழ்ந்த முதியோர், மின்தூக்கியும் குடிநீரும் இன்றி நாள்கணக்கில் தவித்தனர்.

இதைத் தொடர்ந்து அமெரிக்க நடுவண் அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில், டென்மார்க்கைச் சேர்ந்த பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனம் தலைமை வகித்த குழு ‘பிக் யு’ என்ற திட்டத்தை முன்வைத்தது. தீவின் தென்பாதியை ஆங்கில ‘யு’ எழுத்தின் வடிவில் சுற்றிவரும் பாதுகாப்பு வளையம் அது. வெறும் சுவராக இல்லாமல், ஒவ்வொரு பகுதியின் தேவைக்கேற்பப் புல்மேடாகவும் இருக்கையாகவும் விளையாட்டிடமாகவும் அது மாறும். 2014இல் இத்திட்டத்தின் முதற்பகுதிக்கு 33.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கிழக்கு ஆற்றங்கரையில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு 1,10,000 பேரைக் காக்கும் பணி அது.

அடுத்த நான்கு ஆண்டுகள் குடியிருப்பு மக்களுடன் கூட்டங்கள் நடந்தன. உருவான வரைவு எளிமையானது. 1939இல் திறக்கப்பட்ட ஆற்றங்கரைப் பூங்காவுக்கும் குடியிருப்புக்கும் இடையே விரைவுச்சாலை ஓடுகிறது. அச்சாலையை ஒட்டி, பூங்காவின் உட்புற ஓரத்தில் மண்மேடு எழும்பும். மேட்டின் சரிவில் மரங்களும் நடைபாதைகளும் அமையும். புயல் வந்தால் பூங்காவில் நீர் புகுந்து வடியும். மேட்டுக்கு அப்பால் உள்ள வீடுகள் காக்கப்படும்.

2018 செப்டம்பரில் நகர நிர்வாகம் இந்த வரைவைக் கைவிட்டது. போக்குவரத்து நிறைந்த சாலையின் ஓரத்திலும், நிலத்தடியில் செல்லும் உயரழுத்த மின்தடங்களின் மேலும் வேலை செய்வது கடினம் என்றது. மாறாக, பூங்கா முழுவதன் மீதும் மண் நிரப்பி ஏறத்தாழ 8 அடி உயர்த்தி, தடுப்பை நீரின் விளிம்புக்கே கொண்டுசெல்லப் போவதாக அறிவித்தது. இதன்படி பூங்காவும் வெள்ளத்திலிருந்து தப்பும். மதிப்பீடு 145 கோடி டாலராக உயர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் வெட்டப்பட வேண்டியிருந்தது.

புதிய திட்டத்துக்குப் பொறியியல் நியாயம் இல்லாமல் இல்லை. உப்புநீரில் மூழ்கும் மரங்கள் நெடுநாள் தாங்கா. கடல் உயர உயரத் தாழ்ந்த பூங்கா அடிக்கடி மூழ்கும். ஆயினும், நான்கு ஆண்டுகள் கூடிப் பேசிய மக்களிடம் கலந்து பேசாமல் முடிவு மாறியதுதான் புண்ணானது. நகரப் பிரதிநிதிகள் டச்சு நிபுணர் ஒருவரை அழைத்துத் திட்டத்தை ஆராயச் செய்தனர். மாற்றத்துக்கான காரணங்களைச் சொல்லும் தரவுகள் போதிய அளவு வெளிப்படையாக இல்லை என்று அவரது அறிக்கை சுட்டியது. வழக்குகள் தொடுக்கப்பட்டன, மரங்களைக் காக்கப் போராட்டங்கள் நடந்தன. இன்னொருபுறம், சாண்டியின் இரவை மறக்காத அரசுக் குடியிருப்புவாசிகள் பலர், ‘எதைக் கட்டினாலும் விரைந்து கட்டுங்கள்’ என்றனர். ஒரே தெருவின் மக்கள் இரு பக்கமாயினர்.

இறுதியில் நகரம் ஒரு முக்கியமான சலுகையை அளித்தது. பூங்காவை முழுவதுமாக மூடாமல், பகுதி பகுதியாகக் கட்டுவது என ஒப்புக்கொண்டது. 2019 நவம்பரில் நகர மன்றம் ஒப்புதல் தந்தது. 2023இல் வடபகுதியின் சிறு பூங்கா ஒன்றும், 2025 கோடையில் பெரிய பூங்காவின் ஒரு பகுதியும் திறக்கப்பட்டன. இன்று அங்கே விளையாடும் குழந்தைகளின் காலடியில் வெள்ளத்தடுப்பு இருக்கிறது. எனினும் அந்தப் பகுதி மக்களில் ஒரு சாராரின் நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

இதிலிருந்து நான் பெறும் பாடம் இது: இரட்டைப் பயன் கொண்ட தடுப்பில், பொதுப்பயன் என்பது பொறியாளர் இறுதியில் சேர்க்கும் அலங்காரம் ஆகாது. அதுவே மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி. வரைபடம் மாற வேண்டிய கட்டாயம் வரலாம். அப்போது அந்த வாக்குறுதியைத் தந்தவர்களிடம் காரணத்தைத் திறந்து வைத்துப் பேசியாக வேண்டும்.

மணலுக்குள் மறைந்த அணை

நெதர்லாந்தின் கட்வைக் என்ற கடலோர ஊர், இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. அந்நாட்டின் கடல் பாதுகாப்புக் கோடு அவ்வூரின் ஊடாகச் சென்றதால், சுமார் 3,000 பேரின் வீடுகள் பாதுகாப்புக்கு வெளியே கிடந்தன. உயரமான கல்லணை கட்டினால் ஊருக்கும் கடலுக்கும் தொடர்பு அறுந்துவிடும் என்று மக்கள் அஞ்சினர். எனவே, 2013 முதல் 2015 வரை நடந்த பணியில், கல்லணையைக் கட்டி அதன்மேல் மணற்குன்றைப் பரப்பி, கரைப்புல்லை நட்டனர். கடல்பக்கம் மணற்பரப்பு அகலமாக இருந்ததால் அலையின் வேகம் குறையும். அதனால் அணை அத்தனை உயரமாக இருக்க வேண்டியதில்லை. அணைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட மணலுக்கு அடியில் 663 கார்கள் நிற்கும் நிறுத்துமிடம் அமைந்தது. மேலே நடப்பவருக்குக் குன்றும் பாதைகளும் கடலும்தான் தெரியும்.

மறுமுனையில் ஜப்பான் இருக்கிறது. 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு, அதன் வடகிழக்குக் கரையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர்கள் திட்டமிடப்பட்டுக் கட்டப்பட்டன. தாரோ என்ற ஊரில் புதிய சுவரின் உயரம் 14.7 மீட்டர். அங்கே முன்பே 10 மீட்டர் சுவர் இருந்தது. 2011இல் அலை அதைத் தாண்டி வந்தது. சுவர் இருக்கிறது என்ற துணிவில் சிலர் உடனே வெளியேறாமல் இருந்தனர் என்பது அப்போது பலராலும் பேசப்பட்டது. கடலை நம்பி வாழும் மீனவர்கள், இப்போது கடலைக் காண முடியவில்லை என்று வருந்துகின்றனர். இது வெறும் மனக்குறை அன்று. அலையின் நிறத்தையும் பின்வாங்கும் நீரையும் கண்ணால் காண்பதே கரைவாழ் மக்களின் முதல் எச்சரிக்கைக் கருவி. சுவர் அந்தக் கண்ணை மறைத்துவிடுகிறது.

புதுச்சேரியின் இரு முகங்கள்

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவரே பொதுவெளியாக விளங்கும் மிகச் சிறந்த இடம் நம் அருகிலேயே இருக்கிறது. புதுச்சேரியின் கடற்கரைச் சாலை, பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுவரின் தொடர்ச்சி. மாலை தொடங்கி மறுநாள் காலை வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஊரே வந்து நடக்கிறது, குழந்தைகள் ஓடுகின்றனர், முதியவர்கள் சுவரில் அமர்ந்து கதைக்கின்றனர். 2004 ஆழிப்பேரலையின்போது, நகரின் மையப்பகுதியைப் பெருமளவு காத்ததும் இந்தக் கற்சுவர்தான்.

ஆயினும் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டப்பட்டபோது, அந்த மணலோட்டம் தடைபட்டது. தெற்கில் தேங்கும் மணலை எடுத்து வடக்கில் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது முறையாகச் செயல்படவில்லை. சில ஆண்டுகளில் நகரின் மணற்கரை மறைந்தது. கடற்கரைச் சாலை என்ற பெயர் மிஞ்சியது, கடற்கரை மிஞ்சவில்லை.

சாலையைக் காக்கக் கருங்கல் குவிக்கப்பட்டது. அரிப்பு அதோடு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் எனக் கல் நீண்டது. அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய மீனவ ஊர்கள் வீடுகளையும் தென்னைகளையும் இழந்தன. மாசி மகத் தீர்த்தவாரிக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வந்து கூடும் வைத்திக்குப்பத்தின் கரையே கல்லுக்கும் அலைக்கும் இடையே சுருங்கியது. ஓரிடத்தின் உலாவிடத்துக்கான விலையை இன்னோரிடத்தின் படகுத்துறை கொடுத்தது.

இதற்கு எதிராகப் புதுச்சேரியின் குடிமக்கள் அமைப்புகள் நெடுங்காலம் குரல் கொடுத்தன, நீதிமன்றத்துக்கும் சென்றன. அதன் பலனாகச் சிந்தனை மாறியது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆப்பு வடிவ எஃகுப் பாறைத்திட்டு ஒன்று, தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் இறக்கப்பட்டது. அலையின் வலிமையை அது கரைக்கு வருமுன்பே குறைக்கிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நகரவாசிகள் மீண்டும் மணலில் கால் வைத்தனர். மேலே சுவர் மாறவே இல்லை. மாறியது நீருக்கடியில் உள்ள அமைப்பும் மணலின் பாதையும்தான். மணலே முதல் அரண் என்பதையும், அகலமான மணற்கரையைவிடச் சிறந்த பொதுவெளி வேறில்லை என்பதையும் இந்த அனுபவம் உணர்த்துகிறது. பாதுகாப்பும் பொதுப்பயனும் தாமாகவே ஒன்றாக இருந்த இடம் அது. நாம்தான் அவற்றைப் பிரித்தோம்.

சென்னையின் தெற்கும் வடக்கும்

சென்னைக்கு இந்த நியாயம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் எழுந்தபின், தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவிடம் அமைத்து ‘மெரினா’ என்று பெயரிட்டார். நகரின் மாபெரும் பொதுவெளி இப்படித்தான் பிறந்தது. அதே துறைமுகத்தின் வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. தெருக்களும் குடியிருப்புகளும் போயின. அங்கே மக்களுக்குக் கிடைத்தவை கல் சுவர்களும் தூண்டில் வளைவுகளும்தான்.

தெற்கில் உலாவ இடம், வடக்கில் ஒதுங்க இடமில்லை என்ற இந்தப் பிளவு நூறாண்டுகளைக் கடந்தது. அனல்மின் நிலையங்களும் சரக்குப் பெட்டக லாரிகளும் சூழ்ந்த வடசென்னைக்குத்தான் மூச்சுவிடும் பொதுவெளி மிகுதியாகத் தேவை. வெள்ளத்தடுப்புக்குச் செலவிடும் பணத்தில் படிக்கட்டும் நிழலும் படகு ஏற்றும் சரிதளமும் சேர்த்துக் கட்டினால், அது அழகூட்டல் ஆகாது. நெடுநாள் கடனைத் திருப்பிச் செலுத்துவதாகும்.

சுவர் கட்டும்போது இன்னொன்றையும் மறக்கலாகாது. நமக்கு நீர் கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. 2015இல் அடையாறு பெருகி வந்தது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயலின்போது கடல் பொங்கி நின்றதால், மழைநீர் வடிவது தாமதமானது. வெளிநீரைத் தடுக்கும் சுவர் உள்நீரை அடைத்து வைத்துவிட்டால், பாதுகாப்பே பேரிடராகும். சிங்கப்பூரில் 2008இல் திறக்கப்பட்ட மெரினா தடுப்பணை இதற்கு விடை கண்டிருக்கிறது. 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே அமைந்த அதன் 9 மடைகள், கடல் தாழ்ந்திருக்கும்போது திறந்து மழைநீரை வெளியேற்றும். கடல் உயர்ந்திருக்கும்போது 7 பெரிய பம்புகள் நீரை இறைத்து வெளியே தள்ளும். அந்தப் பம்புக் கூடத்தின் கூரைதான் குடும்பங்கள் பட்டம் விட வரும் புல்வெளி. நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் செல்வோரில் பலர் அந்தப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பர். காலடியில் இருப்பது வெள்ளத்தடுப்பு இயந்திரம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

‘பொதுமக்கள்’ என்றால் யார்?

இனி நான் மிக முக்கியமெனக் கருதும் இடத்துக்கு வருகிறேன். நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் கரை என்பது ஓய்வுக்கான இடம். நம் கரை முதலில் தொழிற்களம். படகு நிற்பதும், வலை பின்னுவதும், மீன் ஏலம் போவதும், கருவாடு காய்வதும், கரைவலை இழுப்பதும் அங்கேதான். மீனவப் பெண்கள் கூடையோடு காத்திருப்பதும் அங்கேதான். இவையும் பொதுப்பயன்களே. நடைமேடைக்கு வரைபடம் போடும் கலைஞரின் தாளில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

மெரினாவின் தென்முனையில் நொச்சிக்குப்பம் அருகே உள்ள இணைப்புச்சாலையில் இந்த மோதலைப் பார்த்தோம். 2023 ஏப்ரலில் அச்சாலையோர மீன்கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்ற விவகாரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. கடைகளை அகற்றும் பணி தொடங்கியபோது மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினர். 2024இல் அவர்களுக்கென நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலை முதலில் வந்ததா, குப்பம் முதலில் வந்ததா என்ற எளிய கேள்விக்கு அனைவருக்கும் விடை தெரியும். ஆயினும் இடையூறு என்று பெயர் சூட்டப்பட்டது குப்பத்துக்குத்தான். கடலோரத் தடுப்புகளைப் பொதுவெளியாக்கும் திட்டங்கள் இதே வழியில் சென்றால், இருக்கைகளும் விளக்குகளும் வரும்; படகுகள் போய்விடும்.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது நிலங்களையும், மீன் உலர்த்தும் தளங்கள் போன்ற வசதிகளையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்கின்றன. நடைமுறையில் அவை முழுமையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவ அமைப்புகள் தொடர்ந்து முறையிடுகின்றன. வரைபடத்தில் இல்லாத வலைக்களம், ஒப்பந்தப்புள்ளியில் காலி மனையாகவே தோன்றும்.

எதிர்வாதத்துக்கு விடை

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கப்படலாம். வீட்டுச் சுவரை அலை அறையும்போது, கல் கொட்டச் சொல்லிக் கேட்பவர்கள் அந்த ஊர் மக்கள்தாம். கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை, தூண்டில் வளைவு வேண்டி மறியல் செய்பவர்கள் மீனவர்களே. அவர்களுடைய அவசரம் உண்மையானது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்தில் உடனடித் தடுப்பை அரசு செய்தே ஆக வேண்டும். அதைக் கலந்தாய்வின் பெயரால் தள்ளிப்போடுவது கொடுமை.

ஆனால், கல்லைக் கேட்பதற்குக் காரணம், கல்லைத் தவிர வேறெதுவும் அவர்களுக்குக் காட்டப்பட்டதில்லை என்பதும்தான். ஓர் ஊருக்குப் போட்ட கல் அடுத்த ஊரின் மணலைப் பறிக்க, அந்த ஊரும் கல் கேட்கிறது. இப்படியே கரை முழுதும் கல்லாகிறது. செலவு மிகும் என்ற வாதமும் முழுமையானதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிந்த கல்லை மீண்டும் குவிப்பதற்கான செலவையும், இழந்த படகுத்துறையின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், எது சிக்கனம் என்பது வேறாகத் தெரியும்.

இரட்டைப் பயன் என்பது நம் நிர்வாகத்துக்குப் புதிதன்று. புயல் காலத்தில் அடைக்கலமாகவும் மற்ற நாள்களில் பள்ளிக்கூடமாகவும் சமுதாயக் கூடமாகவும் பயன்படும் பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களைக் கடலோரத்தில் கட்டியிருக்கிறோம். நாள்தோறும் புழங்கும் கட்டடத்தின் கதவு, ஆபத்து வேளையில் துருப்பிடித்துக் கிடக்காது என்ற பட்டறிவே அதன் அடிப்படை. அதையே கரைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

என்ன செய்யலாம்?

2023–24 நிதிநிலை அறிக்கையில், உலக வங்கி உதவியுடன் ஐந்து ஆண்டுகளில் ரூ.2,000 கோடி மதிப்பில் ‘நெய்தல் மீட்சி இயக்கம்’ செயல்படுத்தப்படும் எனத் தமிழக அரசு அறிவித்தது. கடலோரத்துக்கென்று இத்தகைய பெருந்தொகை திட்டமிடப்படும் இத்தருணத்திலேயே சில நெறிகளை வகுத்துக்கொள்வது நல்லது.

முதலாவதாக, திட்டத்தின் அலகு ஊராட்சியாகவோ மாநகராட்சி வட்டமாகவோ இருக்கக் கூடாது. மணல் எங்கிருந்து எதுவரை நகர்கிறதோ அந்த முழு நீளமும் ஒரே அலகாகக் கொள்ளப்பட வேண்டும். புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நிர்வாக எல்லை உண்டு, மணலுக்கு இல்லை. வடக்கே உள்ள ஊரின் ஒப்புதலின்றித் தெற்கே எந்தக் கட்டுமானமும் எழக் கூடாது.

இரண்டாவதாக, மணலைக் காக்கும் வழிகள் முதலில் பரிசீலிக்கப்பட வேண்டும். துறைமுகங்களின் வாயிலில் தேங்கும் மணலை வடக்கே சேர்ப்பது துறைமுகத்தின் தொடர் கடமையாக்கப்பட வேண்டும். மணற்குன்றும் அடும்புக் கொடியும் உள்ள இடங்களைச் சமன் செய்து பூங்கா அமைப்பது, அரணை இடித்துத் திண்ணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, சுவர் தவிர்க்க முடியாத இடங்களில், வடிவமைப்பு அங்குள்ள தொழிலிலிருந்து தொடங்க வேண்டும். படகு ஏறும் சரிவு, வலை உலர்த்தும் மேடை, பெண்களுக்குக் கழிப்பறையும் நிழலும் கொண்ட மீன் விற்பனைத் தளம், கடலைக் காணத் தடையில்லாத உயரம் ஆகியவை அடிப்படைத் தேவைகளாக ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். நடைபாதையும் இருக்கையும் அதன்பின் வரட்டும்.

நான்காவதாக, ஒப்புக்கொள்ளப்பட்ட வரைவு மாறுமானால், அதற்கான பொறியியல் காரணங்களும் செலவுக் கணக்கும் தமிழில் வெளியிடப்பட்டு, ஊர்க்கூட்டத்தில் விளக்கப்பட வேண்டும். நியூயார்க் இழந்த நம்பிக்கையை நாமும் இழக்கத் தேவையில்லை.

ஐந்தாவதாக, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் நிதியும், ஊர்ப் பஞ்சாயத்தும் பொதுப்பணித் துறையும் சேர்ந்த பொறுப்பும் வேண்டும். எந்தச் சுவரும் எல்லா அலைகளையும் தடுக்காது என்ற உண்மையையும் மக்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் வெளியேற்ற ஒத்திகை நடக்க வேண்டும்; அதற்கும் அந்தப் பொதுவெளியே களமாகட்டும்.

இவற்றில் எதுவும் எட்டாக் கனி அன்று. நீருக்கடியில் பாறைத்திட்டு அமைக்கும் திறன் நம் நாட்டு நிறுவனத்திடமே இருக்கிறது. கரையின் போக்கைத் தலைமுறைகளாக அறிந்த மக்கள் குப்பங்களில் இருக்கின்றனர். இவ்விரு அறிவும் ஒரே மேசையில் அமர்வதுதான் இன்னும் நடக்கவில்லை. அடுத்த கருங்கல் லாரி கிளம்புவதற்கு முன், எந்த ஊரின் மணலை விலையாகக் கொடுத்து எந்த ஊரைக் காக்கிறோம், அங்கே யார் நிற்க இடம் வைத்திருக்கிறோம் என்ற கேள்விகளுக்கு எழுத்துபூர்வமான விடையை அரசு தர வேண்டும். அந்த விடையைக் கேட்டுப் பெறும் உரிமை கரையில் வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு.